பிபிசி மைக்ரோவின் பழைய ஃபிளாப்பிகளையும் கேசட்டுகளையும் லேப்டாப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி இது: பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்த அப்பா காலமாகிவிட்டார். பரணில் அவருடைய பிபிசி மைக்ரோ, அதன் டிரைவ், ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகள் பதினான்கு, கேசட்டுகள் ஆறு கிடைத்திருக்கின்றன. ஒரு ஃபிளாப்பியின் மேல் அவர் கையால் "தமிழ் எழுத்து" என்று எழுதியிருக்கிறார். கடைக்காரர் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கச் சொல்கிறார். முதலில் மெஷினை ஆன் செய்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாமா, பிறகு எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு எப்படி மாற்றுவது? இந்த மெஷின் அப்பாவிடம் எப்படி வந்திருக்கும்? எல்லாம் எடுத்து முடித்த பின் ஃபிளாப்பிகளைத் தூக்கிப் போடலாமா?

மெஷினை இதுவரை ஆன் செய்யவில்லையென்றால், தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபிளாப்பி எதையும் டிரைவில் போட வேண்டாம். இந்த இரண்டையும் தள்ளிவைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அப்பாவின் எழுத்தை மீட்க அந்த மெஷின் ஓடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் எழுதியதெல்லாம் காந்தப் புள்ளிகளாக ஃபிளாப்பியிலும் நாடாவிலும் இருக்கிறது. அதை எடுக்க இன்று வேறு வழி இருக்கிறது. மெஷினைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் ஆன் செய்யக்கூடாது என்றால், அதன் பவர் சப்ளை. மின்சாரம் உள்ளே நுழையும் இடத்திலேயே இரைச்சலை வடிகட்ட இரண்டு கப்பாசிட்டர்கள் இருக்கும். மஞ்சளாக, கண்ணாடி மாதிரித் தெரியும் உறை. உள்ளே காகிதம். நாற்பது வருஷத்தில் அந்த உறையில் மயிரிழை போல விரிசல் விழுந்து, காற்றின் ஈரம் காகிதத்தில் ஏறியிருக்கும். ஆன் செய்த உடனே ஒன்றும் ஆகாது. பத்து நிமிடம் கழித்துச் சூடேறி, பட்டென்று வெடித்து, அறை முழுக்க மூச்சுமுட்டும் புகை வரும். என் மெஷினில் அப்படித்தான் ஆயிற்று, அப்போது டிரைவில் ஒரு ஃபிளாப்பியும் இருந்தது. அந்த ஃபிளாப்பி பிழைத்தது என் அதிர்ஷ்டம். அந்த இரண்டு கப்பாசிட்டர்களையும் மாற்றும் செலவு மிகக் குறைவு. ஆனால் அது சுவர் மின்சாரம் நேராக நுழையும் பகுதி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் மின்னேற்றம் நிற்கும். பழக்கம் இல்லையென்றால் நீங்கள் திறக்க வேண்டாம், டிவி பவர் சப்ளை பார்க்கிற கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

அப்பாவிடம் இந்த மெஷின் எப்படி வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். பிபிசி மைக்ரோ 1981 டிசம்பரில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் பிபிசிக்காகச் செய்து வெளியிட்டது. 6502 செயலி, 2 மெகாஹெர்ட்ஸ் வேகம், மாடல் பி-யில் 32 கிலோபைட் நினைவகம். 1984-ல் நம் மத்திய அரசு பள்ளிகளில் கணினி அறிவைக் கொண்டுவர 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்கு இந்த மெஷினைத்தான் கொடுத்தார்கள். பிறகு இங்கேயே செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் அதைத் தயாரித்தது. உங்களிடம் இருப்பதன் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

இப்போது யூஎஸ்பி டிரைவ் விஷயம். கடைகளில் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் என்று கிடைப்பது மூன்றரை அங்குல ஃபிளாப்பிக்கானது. உங்களுடையது ஐந்தேகால். சரி, ஐந்தேகால் அங்குல டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பழைய பிசியில் மாட்டினாலும் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. காரணம், எழுதும் முறையே வேறு. பிசி உலகம் எம்எஃப்எம் என்ற முறையில் எழுதியது. உங்கள் அப்பாவின் மெஷினில் சாதாரணமாக இருக்கும் டிஎஃப்எஸ் என்ற வட்டு முறை அதற்கும் முந்தைய எஃப்எம் முறையில் எழுதும். அதில் ஒவ்வொரு பிட்டுக்கு முன்னாலும் ஒரு கடிகாரத் துடிப்பு இருக்கும். பிட் 1 என்றால் நடுவில் இன்னொரு துடிப்பு, 0 என்றால் நடுவில் வெறுமை. ஆக, இரண்டு துடிப்புகளுக்கு இடையே 4 மைக்ரோ விநாடி அல்லது 8 மைக்ரோ விநாடி, அவ்வளவுதான். எளிமையான முறை, அதனாலேயே உறுதியானது. ஆனால் பல பிசி போர்டுகளுக்கு இதைப் படிக்கத் தெரியாது. விண்டோஸ் "இந்த வட்டு ஃபார்மேட் செய்யப்படவில்லை, செய்யட்டுமா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குத் தவறிப்போய் 'ஆம்' சொல்லி அழிந்த ஃபிளாப்பிகள் நிறைய.

அதனால்தான் நான் சொல்வது கிரீஸ்வீசல். கியர் ஃபிரேசர் என்பவர் வடிவமைத்த, உள்ளங்கையில் அடங்கும் சிறிய சர்க்யூட் போர்டு. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் ஃபிளாப்பி டிரைவின் 34 முனைக் கேபிள். வரைபடங்களும் மென்பொருளும் எல்லோருக்கும் திறந்தவை என்பதால் பலர் செய்து விற்கிறார்கள். இந்தப் போர்டு ஃபிளாப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ளவே முயலாது. டிரைவின் ஹெட்டிலிருந்து, அதாவது ஃபிளாப்பியைத் தொட்டுப் படிக்கும் முனையிலிருந்து, வரும் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று மட்டும் அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அர்த்தம் கண்டுபிடிக்கும் வேலையைப் பிறகு மென்பொருள் செய்யும். இன்றைக்கு ஒரு மென்பொருளால் படிக்க முடியாத செக்டரை (தரவு எழுதப்படும் சிறு துண்டை) அடுத்த வருஷம் வரும் இன்னொன்று படிக்கலாம், அப்போது ஃபிளாப்பியை மறுபடி தொட வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய மெஷினில் போட்டுக் கோப்புகளை மட்டும் காப்பி எடுக்கும் வழியை நான் யாருக்கும் முதல் வழியாகச் சொல்வதில்லை.

கூடவே வேண்டியவை: ஓடுகிற நிலையில் ஒரு ஐந்தேகால் அங்குல டிரைவ், அதன் பின்பக்க விளிம்பில் பொருந்தும் கனெக்டர் உள்ள கேபிள், 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தரும் பவர் சப்ளை. யூஎஸ்பியிலிருந்து 12 வோல்ட் வராது என்பதால் தனி சப்ளை கட்டாயம் வேண்டும். அப்பாவின் டிரைவையே சுத்தம் செய்து பயன்படுத்தலாம், அதுதான் சிறந்தது. அவர் எழுதிய ஹெட் அதே இடத்தில் இருக்கிறது, தான் எழுதிய டிராக்கின், அதாவது வட்டமான தடத்தின், மேல் சரியாகப் போய் நிற்கும். அதற்கென்று பவர் பெட்டி தனியாக இருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். பிசியிலிருந்து கழற்றிய 1.2 மெகாபைட் டிரைவ் கிடைத்தாலும் பரவாயில்லை. அது நிமிடத்துக்கு 300-க்குப் பதில் 360 சுற்று சுற்றும், துடிப்புகள் அந்த அளவுக்கு நெருங்கி வரும், மென்பொருள் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும்.

ஃபிளாப்பிகளை எப்படிக் கையாள்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இழப்பு நடப்பது இங்கேதான். பதினான்கையும் மேசையில் பரப்பி, உறையில் எழுதியிருப்பதோடு சேர்த்து ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். அழிந்துபோன பென்சில் எழுத்தும் பின்னால் உதவும். பிறகு நடுவில் உள்ள பெரிய துளையில் இரண்டு விரலை விட்டு, ஃபிளாப்பியை உறைக்குள்ளேயே மெதுவாகச் சுற்றி, நீள்வட்டத் திறப்பு வழியாக விளக்கு வெளிச்சத்தில் முழுச் சுற்றையும் பாருங்கள். நல்ல ஃபிளாப்பி ஒரே சீரான பழுப்பாக, லேசான மினுமினுப்போடு இருக்கும். வெள்ளையாகச் சிறு புள்ளிகளோ, மழைத்துளி காய்ந்த தடம் போல வட்டங்களோ, சிலந்திவலை மாதிரிக் கிளைகளோ தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில், அதுவும் பரணில், பூஞ்சை இல்லாத பெட்டியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பூஞ்சை உள்ள ஃபிளாப்பியை அப்படியே டிரைவில் போட்டால் என்ன நடக்கும் என்பது எனக்கு நேரிலேயே தெரியும். நான் மாணவனாக இருந்தபோது எழுதிய நிரல்கள் இருந்த ஃபிளாப்பி ஒன்று. முதல் தடவை இரண்டு செக்டர் மட்டும் படிக்கவில்லை. மறுபடி முயன்றேன். மறுபடி. ஏழெட்டு முறை. கடைசியில் வெளியே எடுத்துப் பார்த்தபோது பழுப்புப் பரப்பில் ஒரு மெல்லிய வளையம், அதன் வழியே விளக்கு வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. பூஞ்சைத் துகள் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் காந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்திருக்கிறது. முதல் தடவை படித்த டிராக்குகளும் போய்விட்டன, அவற்றின் நகல் என்னிடம் இல்லை. அந்த நிரல்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதன் பிறகு ஒரு ஃபிளாப்பி படிக்க மறுத்தால் நான் செய்யும் முதல் காரியம் டிரைவை நிறுத்திவிட்டு ஹெட்டைப் பார்ப்பது.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நார் உதிராத துணியும் போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதம் வேண்டாம், அதில் மீதி தண்ணீர். பூஞ்சை லேசாக இருந்தால், திறப்பு வழியாகவே துணியால் ஒற்றி, ஃபிளாப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, இரண்டு பக்கமும் துடைக்கலாம். அதிகமாக இருந்தால், உறையின் ஒரு விளிம்பைக் கூர்மையான கத்தியால் திறந்து, உள்ளே இருக்கும் வட்டை வெளியே எடுத்து, துடைத்து, முழுக்கக் காயவிட்டு, வீணான வேறொரு ஃபிளாப்பியின் சுத்தமான உறைக்குள் வைத்துப் படியுங்கள். பழைய உறையின் உட்புறத் துணியிலும் பூஞ்சை ஒட்டியிருக்கும், அதற்குள்ளேயே திரும்பப் போட்டால் துடைத்தது வீண். அப்பாவின் கையெழுத்து உள்ள உறையைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு ஃபிளாப்பி முடிந்ததும் டிரைவின் ஹெட்டையும் துடைக்க வேண்டும், சோம்பல் படக்கூடாது.

படிக்கும் முன் இன்னொன்று. ஃபிளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். ஐந்தேகால் அங்குலத்தில் அந்த வெட்டை மூடினால்தான் எழுதத் தடை. மூன்றரை அங்குலத்தில் துளை திறந்திருந்தால் தடை, அது நேர்மாறு, பலர் குழம்புவது இதில்தான். ஒளி ஊடுருவாத கறுப்பு டேப்பால் அந்த வெட்டை ஒட்டிவிடுங்கள். செல்லோ டேப் போதாது, டிரைவ் அந்த இடத்தை வெளிச்சத்தால் சோதிக்கும் ரகமாக இருந்தால் கண்ணாடி மாதிரியான டேப்பைக் கண்டுகொள்ளாது. பவரை ஆன் செய்யும்போதும் நிறுத்தும்போதும் டிரைவுக்குள் ஃபிளாப்பி இருக்கக்கூடாது என்பதும் பழைய, நல்ல பழக்கம்.

முதலில் முக்கியமில்லாத ஒரு ஃபிளாப்பியை வைத்துப் பழகுங்கள், "தமிழ் எழுத்து" கடைசியில் வரட்டும். கிரீஸ்வீசலுக்கு ஒவ்வொரு டிராக்கையும் மூன்று சுற்றுக்குக் குறையாமல் படித்து, துடிப்புகளை எஸ்சிபி என்ற வகைக் கோப்பில் சேமிக்கச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு 200 மில்லி விநாடி, 80 டிராக், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த எஸ்சிபி கோப்புதான் உங்கள் மூலப்பிரதி. அதிலிருந்து எஸ்எஸ்டி என்ற வகைக்கு மாற்றினால் பிபிசி மைக்ரோ எமுலேட்டர்கள், அதாவது லேப்டாப்பில் அந்த மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்கள், நேரடியாகத் திறக்கும். இரண்டு பக்கமும் எழுதிய ஃபிளாப்பியென்றால் டிஎஸ்டி.

கணக்கு எளிது, சரிபார்க்கவும் உதவும். ஒரு டிராக்கில் 10 செக்டர், ஒரு செக்டரில் 256 பைட். 40 டிராக் ஃபிளாப்பி ஒரு பக்கம் 1,02,400 பைட், 80 டிராக் என்றால் 2,04,800. உங்களுக்குக் கிடைத்த எஸ்எஸ்டி கோப்பு இந்த அளவுகளில் ஒன்றாக இருந்தால் எல்லா டிராக்கும் வந்திருக்கிறது. ஃபிளாப்பி 40 டிராக்கா 80 டிராக்கா என்று உறையில் எழுதாமல் இருந்தால், 80 டிராக் டிரைவில் படித்துப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒரு டிராக்கில் அர்த்தமுள்ள செக்டர்கள் வந்து, இடையில் உள்ளவற்றில் பக்கத்து டிராக்கின் மங்கலான நிழல் வந்தால் அது 40 டிராக். ஹெட்டை இரண்டிரண்டு டிராக்காகத் தாண்டிப் போகச் சொன்னால் சரியாகிவிடும்.

ஒவ்வொரு செக்டரின் கடைசியிலும் சரிபார்ப்புக்கு இரண்டு பைட் உண்டு. எந்த செக்டரில் கணக்கு ஒத்துவரவில்லை என்பதை மென்பொருள் காட்டும். ஒன்றிரண்டு தவறினால் பதற வேண்டாம். ஹெட்டைத் துடைத்து, ஃபிளாப்பியையும் துடைத்து, ஒரு தடவை படியுங்கள். பிறகு வேறு டிரைவில் ஒரு தடவை. அதோடு நிறுத்துங்கள். மூன்று பிரதிகளையும் வைத்துக்கொண்டால், ஒன்றில் கெட்ட செக்டர் இன்னொன்றில் நன்றாக இருக்கும், சேர்த்துக்கொள்ளலாம்.

முழு ஃபிளாப்பியையும் எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு டிஎஃப்எஸ்ஸிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அதன் பட்டியல் முதல் இரண்டு செக்டருக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கத்துக்கு 31 கோப்புகள்தான், ஒவ்வொரு பெயரும் அதிகபட்சம் 7 எழுத்து. ஒரு கோப்பை அழித்தால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், உள்ளடக்கம் அதே செக்டர்களில் அப்படியே கிடக்கும். அதிலும் டிஎஃப்எஸ் ஒரு கோப்பைத் துண்டு துண்டாகப் போடாது, அடுத்தடுத்த செக்டர்களில் தொடர்ச்சியாகத்தான் எழுதும். அதனால், அப்பா அழித்துவிட்டு மேலே புதிதாக எதுவும் எழுதாத கோப்பு முழுசாக வெளியே வரும். எனக்குத் தெரிந்து, பட்டியலில் ஏழு கோப்புகள் மட்டும் இருந்த ஒரு ஃபிளாப்பியில் பெயரில்லாமல் நான்கு நிரல்கள் கிடைத்தன.

டிஎஃப்எஸ் தேதி எதையும் சேமிக்காது. எது முதலில் எழுதியது, எது பிறகு என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது செக்டரில் ஒரு பைட், பட்டியல் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையை வைத்திருக்கும். ஒரே பெயரில் இரண்டு ஃபிளாப்பி இருந்து, ஒன்றில் 12, மற்றதில் 47 என்று இருந்தால், அதிகம் புழங்கியது எது என்று தெரிந்துவிடும். இது 99-க்கு மேல் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேசட்டுகள். இதற்குத் தனிக் கருவி வேண்டாம், நல்ல டேப் டெக் ஒன்று, லேப்டாப்புக்கு லைன்-இன் தரும் யூஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்று. பிபிசி மைக்ரோ கேசட்டில் எழுதியது ஒலியாகத்தான். பிட் 1 என்றால் 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலை, பிட் 0 என்றால் 1200 ஹெர்ட்ஸில் ஒரு அலை. விநாடிக்கு 1200 பிட். ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்துப் பத்து பிட் ஆவதால் விநாடிக்கு 120 பைட். சில பழைய பதிவுகள் 300 பிட் வேகத்திலும் இருக்கும். கேட்டால் முதலில் நீண்ட ஒற்றை ஸ்வரம், பிறகு கரகரப்பு, குட்டி ஸ்வரம், கரகரப்பு என்று மாறிமாறி வரும். அந்த ஒவ்வொரு கரகரப்பும் 256 பைட் வரை கொண்ட ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதியின் தலைப்பிலும் கோப்பின் பெயர், தொகுதி எண், சரிபார்ப்பு எண் எல்லாம் உண்டு. ஆக, ஒரு தொகுதி கெட்டாலும் மற்றவை தம் பெயரோடும் எண்ணோடும் தனித்தனியாக நிற்கும்.

டெக்கின் ஹெட் அருகே ஒரு சிறிய ஸ்க்ரூ இருக்கும். நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக நிற்கும் சாய்வை அது மாற்றும். அப்பா பதிவு செய்த டேப் ரெக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வுக்கு உங்கள் டெக்கைக் கொண்டுவர வேண்டும். கேசட்டை ஓடவிட்டு, கரகரப்பைக் காதால் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல மந்தமாக இருந்த ஒலி ஓரிடத்தில் சட்டென்று பளிச்சென ஆகும். அந்த இடம்தான். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். படிக்காத கேசட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு திருப்பலிலேயே படித்துவிடும் என்பது என் அனுபவம்.

பதிவை 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 கூடாது. இரைச்சலைக் குறைக்கும் வசதி, ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி எதுவும் கூடாது. அவை மனிதக் காதுக்காகச் செய்தவை, அலையின் வடிவத்தைக் கெடுத்துவிடும். டால்பி சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். ஸ்டீரியோ டெக் என்றால் இரண்டு சேனலையும் கலக்காமல் தனித்தனியாக வைத்து, எது தெளிவோ அதை மட்டும் எடுங்கள். ஹெட்டின் சாய்வு கொஞ்சம் தவறியிருந்தாலும் இரண்டையும் கூட்டும்போது உயர்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த வேவ் கோப்பே கேசட்டின் மூலப்பிரதி, ஃபிளாப்பிக்கு எஸ்சிபி எப்படியோ அப்படி. அதிலிருந்து மேக்-யுஇஎஃப் போன்ற மென்பொருள் யுஇஎஃப் வகைக் கோப்பு செய்து தரும். எமுலேட்டர்களுக்காக தாமஸ் ஹார்ட் வகுத்த வடிவம் அது. மென்பொருள் ஒரு தொகுதியில் சிக்கினால், அலையைத் தலைகீழாகத் திருப்பி ஒரு தடவை முயலச் சொல்லுங்கள், சில டெக்குகள் அலையைத் தலைகீழாகத் தருவதுண்டு.

மெஷினைச் சரிசெய்து ஓடவைத்த பிறகு சீரியல் கேபிள் வழியும் திறக்கும். பின்பக்கம் தாயக்கட்டையின் ஐந்து புள்ளி போன்ற வரிசையில் ஐந்து முனை கொண்ட வட்ட சாக்கெட் இருக்கிறதே, அதுதான் சீரியல். அதன் மின்னழுத்தம் சாதாரண யூஎஸ்பி சீரியல் கேபிளோடு ஒத்துப்போகும். அந்த பிளக் தலைகீழாகவும் உள்ளே போய்விடும் என்பதால், ஒன்றும் வரவில்லையென்றால் முதலில் அதைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். ஸ்டார் எஃப்எக்ஸ் 8,7 (*FX 8,7) என்று அடித்தால் அனுப்பும் வேகம் 9600 ஆகும். ஸ்டார் எஃப்எக்ஸ் 5,2 அடித்தால் பிரிண்டருக்குப் போவது சீரியலுக்குப் போகும். பிறகு கன்ட்ரோல்-பி (ஆங்கில B) அடித்து லிஸ்ட் கொடுத்தால் நிரல் முழுக்க லேப்டாப்பின் டெர்மினலில் எழுத்தாக வந்து இறங்கும். ஒரே ஒரு நிரல் வேண்டும் என்பவருக்கு இது அழகான வழி. பதினான்கு ஃபிளாப்பிக்கு இது வழியல்ல, அழிந்த கோப்புகள் இதில் வரவும் வராது.

இப்போது அந்த "தமிழ் எழுத்து". அதில் என்ன இருக்கும் என்று எனக்கு ஓரளவு ஊகம் உண்டு. பிபிசி மைக்ரோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எட்டுக்கு எட்டு கட்டத்தில் புது எழுத்தை நாமே வரைய விடியு (VDU) 23 என்ற கட்டளையைக் கொடுத்தது. எழுத்தின் எண், பிறகு எட்டு வரிசைக்கு எட்டு எண்கள். உதாரணமாக

விடியு 23,224,0,64,64,64,64,64,126,0

என்றால் 224-ஆம் எழுத்து 'ட' ஆகிவிடும். 64 என்பது இடது பக்கம் ஒரே புள்ளி, அது ஐந்து வரிசைக்கு இறங்கினால் நிற்கும் கோடு. 126 என்பது ஆறு புள்ளிகள், அதுதான் அடிக்கோடு. இதே வரியில் 64 எல்லாவற்றையும் 66 ஆக்குங்கள், வலது பக்கமும் ஒரு கோடு எழும்பி 'ப' வந்துவிடும். அப்பா கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்து, கூட்டி, எண் கண்டுபிடித்திருப்பார். அந்த நோட்டு எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள், கம்ப்யூட்டரை விட அது விலைமதிப்பானது. 'ண', 'ணை' போன்றவை எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்காது, அவற்றை இரண்டு எழுத்தாகப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார். சாதாரணமாகக் கிடைப்பது 224 முதல் 255 வரை 32 இடங்கள்தான், தமிழுக்கு அது போதாது. ஸ்டார் எஃப்எக்ஸ் 20 கட்டளையால் நினைவகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இன்னும் இடம் வாங்கியிருக்கலாம்.

ஃபிளாப்பியின் பட்டியலில் சரியாக 256 பைட் நீளமுள்ள கோப்பு ஒன்று இருந்து, அதன் லோடு முகவரி (நினைவகத்தில் ஏற்ற வேண்டிய இடம்) 3072, பதினாறடிமான எண்ணில் C00, என்று காட்டினால், அதுதான் எழுத்துரு. 32 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் 8 பைட், மெஷின் அவற்றை வைத்திருக்கும் இடம் அந்த முகவரிதான். கோப்புகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் மென்பொருள், பக்கத்திலேயே ஐஎன்எஃப் என்று ஒரு சிறு கோப்பை உண்டாக்கி அதில் இந்த முகவரிகளை எழுதிவைக்கும். அதைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

பேசிக் மொழியில் எழுதிய நிரலை நோட்பேடில் திறந்தால் குழப்பமாகத் தெரியும், கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிபிசி பேசிக் ஒவ்வொரு கட்டளையையும் ஒற்றை பைட்டாகச் சுருக்கிச் சேமிக்கும். பிரிண்ட் 241, விடியு 239, கோடூ 229. எமுலேட்டரில் ஏற்றி லிஸ்ட் கொடுத்தால் சரியாக வரும். பீப்எம் நல்ல எமுலேட்டர். பிரவுசரிலேயே ஓடும் ஜேஎஸ்பீப் இருக்கிறது, எஸ்எஸ்டி கோப்பை அதில் நேராகத் திறக்கலாம், எதையும் நிறுவத் தேவையில்லை. திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் வந்தால், மெஷின் மோடு 7 என்ற திரை வகையில் இருக்கிறது. அந்த மோடில் எழுத்தைத் தருவது தனிச் சில்லு, நாம் வரைந்ததை அது அறியாது. மோடு 4-க்கு மாற்றி ஓட்டுங்கள்.

அவர் அந்த எழுத்தில் பாடக் குறிப்போ கடிதமோ எழுதியிருந்தால், அதை இன்றைய யூனிகோடு தமிழாக மாற்ற ஓர் அட்டவணை போட வேண்டும்: 224 என்றால் ட, 225 என்றால் ப என்று. யூனிகோடின் முதல் பதிப்பே 1991-ல்தான் வந்தது, ஆகவே இது முழுக்க அவர் தமக்கென்று வகுத்துக்கொண்ட வரிசை, 256 பைட் எழுத்துருவைப் படமாக வரைந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதோடு, கொம்பைக் கவனியுங்கள். திரையில் தெரிகிற வரிசையில் எழுதியவர் 'கொ' என்பதைக் கொம்பு, க, கால் என்று மூன்றாக அடித்திருப்பார். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. அட்டவணைப்படி மாற்றிய கையோடு, கொம்பையும் இரட்டைக் கொம்பையும் ஐகாரக் குறியையும் அடுத்து வரும் மெய்க்குப் பின்னால் தள்ளும் ஒரு படி சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பார்வைக்குத் தமிழ் போல இருக்கும், தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது.

ஃபிளாப்பிகளை எடுத்து முடித்த பின் தூக்கிப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சுத்தம் செய்தவற்றைப் புது உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில், பரணில் அல்லாமல் அலமாரியில் நிற்கவைத்து அடுக்குங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். எஸ்சிபி, வேவ் கோப்புகளை இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். பதினான்கும் சேர்ந்தாலும் நீங்கள் கைபேசியில் எடுக்கும் சில நிமிட வீடியோ அளவுக்குத்தான் வரும்.

இப்போதைக்கு ஃபிளாப்பிகளைப் படம் எடுத்து, திறப்பு வழியாகச் சுற்றிப் பார்த்து, பூஞ்சை உள்ளது, இல்லாதது என்று பிரித்து வையுங்கள். டிரைவின் பின்பக்கத்தையும் அதன் ஜம்பர்களையும் தெளிவாக ஒரு படம் எடுத்துப் போட்டால், 40 டிராக்கா 80 டிராக்கா, எந்தக் கேபிள் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.